ஆந்தையாகத் தொடங்கிய புறா

என் மேசையில் இருக்கும் கல் புறாவைப் பார்ப்பவர்கள் நன்றாக இருக்கிறது என்கிறார்கள். உண்மையில் அது ஆந்தை. இரண்டு காதுகளும் உடைந்த பிறகு அதைப் புறா என்று அறிவித்துவிட்டேன்.

மாக்கல்லில் எனக்கு இது நான்காவது முயற்சி. கடினத்தை அளக்கும் மோஸ் அளவுகோலில் டால்க் என்ற தாதுவுக்கு 1. நம் நகத்துக்கு ஏறத்தாழ 2.5. மாக்கல்லில் பெரும்பகுதி டால்க்தான். அதனால் நகம் பட்டாலே கோடு விழுகிறது, தொட்டால் சோப்பைப் போல வழுக்குகிறது. மரத்துக்கு வைத்திருக்கும் அரமும் பழைய ரம்பமும் போதும் என்றதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. மென்மையான கல் என்றால் சொன்னபடி கேட்கும் கல் என்று எடுத்துக்கொண்டேன். கேட்காது. வளையத் தெரியாத பொருள் அது. மெல்லியதாக எது நீட்டிக்கொண்டிருந்தாலும் பட்டென்று ஒடியும்.

முதல் காது போனது என் ஆசையால். காதுகளைத்தான் முதலில் செதுக்கி முடித்தேன். அப்புறம் வயிற்றை அராவும்போது ஒரு அழுத்து, காது தரையில். பருமனான பகுதிகளை எல்லாம் முடித்துவிட்டுக் கடைசியில்தான் மெல்லியவற்றுக்கு வர வேண்டும். இரண்டாவது காது போனதற்குச் சோம்பலே காரணம். வேலை தொடங்குமுன் கல்லை நனைத்து உலர விட்டிருந்தால், விரிசல் இருக்கும் இடம் மட்டும் கடைசிவரை ஈரக்கோடாகத் தெரிந்திருக்கும். உடைந்த பிறகு நனைத்துப் பார்த்தேன். தெரிந்தது.

தூசியைப் பற்றிக் கொஞ்சம் கண்டிப்பாகச் சொல்கிறேன். சில மாக்கற்களில் ஆஸ்பெஸ்டாஸ் இழைகள் கலந்திருக்கலாம். நுண்தூசியை வடிகட்டும் முகக்கவசம் போட்டுக்கொண்டு, கல்லை ஈரமாகவே வைத்து அராவுகிறேன். வாயால் ஊதுவதை அறவே விட்டுவிட்டேன். முதல் நாள் அறையெங்கும் படிந்த வெள்ளைப் பொடியைப் பார்த்து, மாவு கொட்டிவிட்டதா என்று வீட்டில் கேட்டார்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது மெருகேற்றும் வேலை. சொரசொரப்பான 120-ஆம் எண் உப்புத்தாளில் தொடங்கி 220, 400, 600 என்று மேலும் மேலும் நைசான தாள்களால் தண்ணீர் தொட்டுத் தேய்க்க வேண்டும். நடுவில் ஒன்றைத் தாண்டினால் அப்போதைக்கு யாருக்கும் தெரியாது. பிறகு கல்லை மெல்லச் சூடாக்கித் தேன்மெழுகைத் தடவுவேன். அதுவரை சாம்பல் பூத்துக் கிடந்த கல், மெழுகு உருகி ஊற ஊற, கரும்பச்சையாக மாறியது. உள்ளே ஓடிய வெள்ளை நரம்புகள்கூட அப்போதுதான் வெளிப்பட்டன. கூடவே நான் 400-ஐத் தாண்டிய இடத்துக் கீறல்களும் பளிச்சென்று எழுந்தன. மெழுகு எதையும் மறைத்துக் கொடுப்பதில்லை.

சிந்துவெளி முத்திரைகளில் பெரும்பாலானவை இந்த வகைக் கல்தான். செதுக்கிய பின் சூளையில் சுட்டுக் கடினமாக்கியிருக்கிறார்கள். விரல் நீளம்கூட இல்லாத பரப்பில் காளையின் கழுத்து மடிப்புகளை ஒவ்வொன்றாகக் கீறியிருக்கிறார்கள். அந்தப் படங்களைப் பார்த்த அன்று, கல் சரியில்லை என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்ததை நிறுத்திவிட்டேன்.

இப்போது ஆமை செய்துகொண்டிருக்கிறேன். தலையையும் கால்களையும் ஓட்டுக்குள் இழுத்துக்கொண்ட ஆமை.