டோனர் வாங்குவதற்கு முன் பாட்டிலைத் திருப்பிப் பாருங்கள்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், டோனர், அதாவது முகம் கழுவியபின் தடவுகிற தண்ணீர் மாதிரியான திரவம், போடாமலும் முகம் நன்றாகத்தான் இருக்கும். ஃபேஸ் வாஷ், மாய்ஸ்சரைசர், பகலில் சன்ஸ்கிரீன், இந்த மூன்றும் ஒழுங்காக நடந்தால் போதும். ஆனாலும் வீட்டில் யார் புதிதாக ஸ்கின்கேர் ஆரம்பித்தாலும் என்னிடம் வந்து கேட்கிற முதல் கேள்வி “அக்கா, எந்த டோனர் வாங்கலாம்?” என்பதுதான். சன்ஸ்கிரீன் எது வாங்கலாம் என்று யாரும் கேட்பதில்லை. சரி, கேட்டவர்களுக்கெல்லாம் தனித்தனியாக வாட்ஸ்அப்பில் டைப் செய்து கை வலிப்பதால் ஒரே இடத்தில் எழுதிவிடுகிறேன்.

டோனர் என்ற சாமான் வந்ததற்குக் காரணமே சோப்புதான். நம் தோலின் மேற்பரப்பு லேசான அமிலத்தன்மை உடையது, பிஎச் (அமிலமா காரமா என்று சொல்லும் அளவு, 7-க்குக் கீழே அமிலம், மேலே காரம்) கிட்டத்தட்ட 4.5-லிருந்து 5.5 வரை. குளியல் சோப்போ 9, 10 என்று காரப்பக்கம் நிற்கும். சோப்புப் போட்டுக் கழுவியதும் முகம் இழுத்துப் பிடித்த மாதிரி இருக்கிறதே, அதற்கு இந்த வித்தியாசமும் ஒரு காரணம். அதோடு தண்ணீரும் சேர்ந்துகொள்கிறது. சென்னையில் போர் தண்ணீரில் குளிப்பவர்களுக்கு நான் விளக்கவே வேண்டாம்: உப்புத் தண்ணீரில் சோப்பு நுரைக்காது, பக்கெட் ஓரத்தில் வெள்ளையாக ஒரு படலம் ஒட்டும், அதேதான் கன்னத்திலும் ஒட்டுகிறது. அந்தக் காலத்து டோனரின் வேலை இதைத் துடைத்தெடுப்பதும், தோலை அதன் பழைய பிஎச்சுக்குச் சீக்கிரம் திருப்புவதும்தான். 1968-ல் அமெரிக்காவில் க்ளினிக் என்ற பிராண்ட் தொடங்கியபோது, நார்மன் ஓரன்ட்ரைக் என்ற தோல் மருத்துவரின் யோசனைப்படி சோப்பு, அப்புறம் துடைக்கிற திரவம், அப்புறம் மாய்ஸ்சரைசர் என்று மூன்று படியாகத்தான் விற்றார்கள். இன்றுவரை எல்லோரும் ஒப்பிக்கிற அந்த வரிசை பரவியதில் அவர்களுக்குப் பெரிய பங்கு உண்டு.

இப்போது நாம் முகத்துக்குப் போடும் ஃபேஸ் வாஷ்களில் பெரும்பாலானவை சோப்பே அல்ல. தோலின் பிஎச்சுக்குப் பக்கத்திலேயே நிற்கிற மாதிரி செய்கிறார்கள், உப்புத் தண்ணீரிலும் அந்தப் படலம் வராது. சோப்பே போட்டாலும் தோல் சில மணி நேரத்தில் தானாகப் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். ஆக, டோனர் எந்த வேலைக்காக வந்ததோ அந்த வேலை இப்போது பெரும்பாலும் இல்லை. ஆள் மட்டும் இன்னும் சீட்டில் உட்கார்ந்திருக்கிறார்.

அப்புறம் இந்த “துவாரங்களை மூடும்” கதை. முகத்தில் இருக்கிற துவாரம் திறந்து மூடுகிற ஜன்னல் இல்லை. ஆல்கஹாலோ மெந்தாலோ உள்ள டோனரைத் தடவினால் ஜில்லென்று இருக்கும், தோல் கொஞ்சம் இறுகின மாதிரித் தோன்றும், அவ்வளவுதான். சலூனில் ஷேவிங் முடிந்ததும் ஈரக் கன்னத்தில் படிகாரக் கட்டியைத் தேய்ப்பார்களே, அதுவும் இதே வகை. கொஞ்ச நேர இறுக்கம். மூக்கின் மேல் துவாரம் பெரிதாகத் தெரிவது பரம்பரை, எண்ணெய்ப்பசை, வயது இதெல்லாம் சேர்ந்து நடப்பது. உள்ளே அடைத்திருக்கும் எண்ணெயைக் கொஞ்சம் எடுத்தால் சிறிதாகத் தெரியும், அதற்கு வேறு வகை டோனர் இருக்கிறது, அதற்குப் பின்னால் வருகிறேன்.

நம் ஊரில் டோனர் என்றாலே அம்மாக்கள் கை நீட்டுவது பன்னீர் பாட்டிலைத்தான். பன்னீர் எனக்கும் பிடிக்கும், வாசனைக்காகவே. ஆனால் கடையில் அதை எடுத்ததும் பின்பக்கம் திருப்புங்கள். ரோஜா இதழைக் காய்ச்சி வடித்த தண்ணீர் என்றால் பட்டியலில் ‘ரோசா டமாசீனா’ என்ற செடியின் பெயர் முதலிலேயே இருக்க வேண்டும். ‘அக்வா’ என்று தொடங்கி ‘பெர்ஃப்யூம்’ என்று முடிந்தால், அது வாசனை கலந்த தண்ணீர். பூஜை சாமான் கடையில் விற்கிற பன்னீரை முகத்துக்கு எடுக்கவே எடுக்காதீர்கள், அது கல்யாண வாசலில் பன்னீர்ச் செம்பில் ஊற்றித் தெளிப்பதற்கு, அதில் என்ன கலந்திருக்கிறது என்றுகூடப் பல பாட்டில்களில் எழுதியிருப்பதில்லை. நல்ல பன்னீரே ஆனாலும் அதிசயம் ஒன்றும் செய்யாது. வெயிலில் வந்து அடித்துக்கொண்டால் சுகமாக இருக்கும். வாசனைப் பொருள் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு அதுவும் அரிக்கும்.

பின்பக்கம் பார்க்கச் சொன்னேன் அல்லவா, அதில் படிக்க வேண்டியது முதல் ஐந்தாறு பெயர்கள்தான். எது அதிகமோ அது முன்னால் வரும். தண்ணீருக்கு அடுத்த இடத்திலேயே ‘ஆல்கஹால் டீனாட்’ நின்றால் பாட்டிலை அப்படியே ஷெல்பில் வைத்துவிடலாம், வறண்ட முகம் இன்னும் வறளும். (செட்டில் ஆல்கஹால், செட்டியரில் ஆல்கஹால் என்று க்ரீம்களில் வருவது வேறு, அவை மெழுகு மாதிரி, பயப்பட வேண்டாம்.) கிளிசரின், பேந்தனால், சோடியம் ஹையலுரோனேட் என்றிருந்தால் அது ஈரப்பதத்துக்கான டோனர். இந்தக் கடைசிப் பொருளின் மூலமான ஹையலுரோனிக் ஆசிட் என்ற பெயரில் ஆசிட் இருப்பதால் முகம் உரியுமோ என்று என் தங்கை பயந்தாள், உரியாது, அது தண்ணீரைப் பிடித்து வைக்கும் பொருள். நயாசினமைட் 2-லிருந்து 5 சதவீதம் இருந்தால் எண்ணெய் வழிகிறவர்களுக்குக் கொஞ்சம் உதவும், பரு போன இடத்துக் கறுப்புக்கும் மெதுவாக உதவும்.

உண்மையிலேயே கவனமாகக் கையாள வேண்டியது ஆசிட் டோனர்களை. சாலிசிலிக் ஆசிட் எண்ணெயில் கரையக்கூடியது, அதனால் துவாரத்துக்குள் இறங்கி அடைப்பைத் தளர்த்தும், கரும்புள்ளிக்கும் சின்னப் பருக்களுக்கும் இது சரியான ஆள். 2 சதவீதத்துக்கு மேல் தேவையில்லை. கிளைகாலிக் ஆசிட் மேலே செத்துக் கிடக்கிற செல்களை இளக்கி உதிர்க்கும், கடைகளில் 5, 7 சதவீதத்தில் கிடைக்கிறது. இரண்டுமே வேலை செய்கிறவைதான், அதனாலேயே அளவு தாண்டினால் எரிச்சல் வருகிறது. வெள்ளைத் தோல்காரர்கள் வீடியோவில் தினமும் போட்டுக் காட்டுவார்கள், அவர்களுக்கு எரிந்தால் சிவந்து மறைந்துவிடும். நம் மாநிறத்திலும் கறுப்பிலும் எரிச்சல் சிவப்போடு போகாது, பின்னாலேயே கறுப்பு அடையாளம் வரும், அது மங்க மாதக்கணக்கில் ஆகும். எந்தக் கறையைப் போக்க வாங்கினோமோ அதே கறையை நாமே வரவழைத்துக்கொள்ளும் கூத்து இது. ஆகவே வாரத்தில் இரண்டு இரவு, அதற்கு மேல் வேண்டாம். மறுநாள் சன்ஸ்கிரீன் கட்டாயம், ஏனென்றால் கிளைகாலிக் போட்ட தோல் வெயிலுக்குச் சீக்கிரம் வாடும். டாக்டர் எழுதிக்கொடுத்த ரெட்டினாய்டு ஜெல் போடுகிறவர்கள், கர்ப்பமாக இருப்பவர்கள், ஆஸ்பிரின் ஒத்துக்கொள்ளாதவர்கள் எல்லாம் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத் தொடுங்கள்.

போடுகிற விதத்தில் பெரிய வித்தை ஒன்றும் கிடையாது. பஞ்சில் ஊற்றினால் பாதி டோனரைப் பஞ்சே குடித்துவிடுகிறது, தேய்க்கிற தேய்ப்பில் பரு வேறு கோபித்துக்கொள்கிறது. ஈரப்பத டோனர் என்றால் கழுவிய முகத்தை டவலால் ஒற்றி, கொஞ்சம் ஈரம் இருக்கும்போதே, உள்ளங்கையில் ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்கு எடுத்து முகத்திலும் கழுத்திலும் ஒற்றுங்கள். கண்ணாடியில் பார்த்தால் ஒரு மினுமினுப்புத் தெரியும், அது காய்வதற்குள் மாய்ஸ்சரைசர். ஆசிட் டோனருக்கு இதற்கு நேர் எதிர், முகம் நன்றாகக் காய்ந்தபின், கண்ணையும் உதட்டோரத்தையும் மூக்கோரத்து மடிப்பையும் விட்டுவிட்டுப் போட வேண்டும். எது புதிதாக வாங்கினாலும் சில நாட்கள் காதுக்குப் பின்னால் தடவிப் பாருங்கள். கொரியாவில் ஒரே டோனரை ஏழு தடவை அடுக்கடுக்காகப் போடும் பழக்கம் ஒன்று உண்டு, அவர்கள் ஊர்க் குளிருக்குச் சரி, நம் ஊரில் மூன்றாவது அடுக்கிலேயே வியர்வையோடு வழிந்து புடவையில் இறங்கிவிடும்.

ஆனால் கொரியாவிலிருந்து வந்த கெட்டியான, ஆல்கஹால் இல்லாத டோனர்களுக்கு நம் மே மாதத்தில் ஒரு அருமையான பயன் உண்டு, இதைத்தான் நான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். சென்னை, கடலூர், தூத்துக்குடி மாதிரிக் கடலோர ஊர்களில் கோடைக்காலத்தில் க்ரீம் போட்டால் முகத்தில் வடை சுட்ட மாதிரி ஆகிவிடுகிறது, அதனாலேயே பலர் மாய்ஸ்சரைசரையே நிறுத்திவிடுகிறார்கள். அந்தச் சமயத்தில் கிளிசரின் உள்ள டோனரை மாய்ஸ்சரைசருக்குப் பதிலாகப் போட்டு, மேலே நேராக சன்ஸ்கிரீன் போட்டுவிடலாம். காற்றிலேயே அவ்வளவு ஈரம் இருக்கும்போது தோலுக்கு அதுவே போதும். நாள் முழுக்க ஏசி ஆபீசில் இருப்பவர்களுக்கு மட்டும் இது எடுபடாது, ஏசி உறிஞ்சிவிடும், மேலே ஒரு லேசான ஜெல்லாவது வேண்டும்.

வீட்டில் செய்கிறவர்களுக்கு ஒரு சொல். அரிசி கழுவிய தண்ணீர், வெள்ளரிச் சாறு, கிரீன் டீ எல்லாம் ஆசைக்குப் போடலாம், ஆனால் அவற்றில் கெட்டுப்போகாமல் காக்கிற பொருள் எதுவும் இல்லை, ஃப்ரிட்ஜில் வைத்தாலும் இரண்டு நாள்தான். புளித்த வாடை வந்த அரிசித் தண்ணீரை “புளிச்சாத்தான் சத்து” என்று முகத்தில் ஊற்றாதீர்கள். எலுமிச்சைச் சாறு வேண்டவே வேண்டாம், அதன் பிஎச் 2 பக்கம், அதைப் போட்டுக்கொண்டு வெயிலில் போனால் கொப்புளம்கூட வரலாம்.

ஏற்கெனவே ஆசைப்பட்டு வாங்கி, முகத்துக்கு ஒத்துக்கொள்ளாமல் அலமாரியில் நிற்கிற கிளைகாலிக் டோனரை என்ன செய்வது என்றும் கேட்கிறீர்கள். சொரசொரவென்று இருக்கும் முழங்கைக்கும் முட்டிக்கும் வாரத்தில் ஓரிரு இரவு தடவுங்கள், அங்கே தோல் தடிப்பு, தாங்கும். அக்குளில் தடவினால் வாடை குறைகிறது என்று நிறையப் பேர் சொல்வதில் நியாயம் இருக்கிறது, அமிலத்தில் அந்தப் பாக்டீரியாக்களுக்கு இருப்பு கொள்ளாது. ஷேவ் செய்த அன்றைக்கு மட்டும் வேண்டாம், உயிர் போய்விடும்.