ஸ்லிப் செய்யும் கண்ணியும் நூல் நிற்கும் பக்கமும்

ஊசிப் பின்னலில் ஒரு கண்ணியை, அதாவது ஊசியில் நிற்கும் நூல் வளையத்தை, பின்னாமல் இடது ஊசியிலிருந்து வலது ஊசிக்கு மாற்றுவதையே ‘ஸ்லிப்’ என்கிறோம். பின்னலின் இரு அடிப்படைக் கண்ணிகளான நிட், பர்ல் இரண்டையும் பழகியவருக்கு இது மிக எளிய செயல்தான். ஆனால் அந்த நேரத்தில் நூல் எந்தப் பக்கம் நிற்கிறது என்பதைப் பொறுத்தே துணியின் தோற்றம் அமைகிறது. பின்னல் குறிப்புகள் பலவும் இதை ஒரு சொல்லில் கடந்துவிடுவது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

குறிப்பில் ‘நூல் முன்னால்’ என்றிருந்தால், அது பின்னுகிறவரை நோக்கிய பக்கத்தைக் குறிக்கும். துணியின் வெளிப்புறத்தை அன்று. வெளிப்புற வரிசையில், அதாவது துணியின் வெளிப்புறம் நம்மை நோக்கியிருக்கும் வரிசையில், நூலைப் பின்னால் விட்டு ஸ்லிப் செய்தால், கண்ணியைத் தாண்டிச் செல்லும் நூல் உட்புறத்தில் மறைந்துவிடும். முன்னால் கொண்டுவந்து செய்தால், கண்ணியின் குறுக்கே சிறு கோடாக வெளியே தெரியும். துணியைத் திருப்பி உட்புற வரிசையைப் பின்னும்போது இவ்விரண்டும் இடம் மாறிவிடும். ஆகவே முன், பின் என்று மனப்பாடம் செய்வதைவிட, இந்தக் கோடு வெளியே தெரிய வேண்டுமா என்று ஒவ்வொரு முறையும் கேட்டுக்கொள்வதே நல்லது என்பேன்.

இதற்கு லினன் பின்னல் மிகத் தெளிவான சான்று. இரட்டைப்படை எண்ணில் கண்ணிகளை ஏற்றி, வெளிப்புற வரிசையில் ஒன்றை நிட் செய்து, நூலை முன்னால் கொண்டுவந்து அடுத்ததை ஸ்லிப் செய்து, மீண்டும் நூலைப் பின்னால் கொண்டுசெல்ல வேண்டும். உட்புற வரிசையில் ஒன்றை பர்ல் செய்து, நூலைப் பின்னால் வைத்து அடுத்ததை ஸ்லிப் செய்ய வேண்டும். குறுக்குக் கோடுகள் அனைத்தும் வெளிப்புறத்திலேயே மாறி மாறி விழுவதால், ஊசியில் பின்னிய துணி தறியில் நெய்ததைப் போலவே தோன்றும். அமெரிக்கரான பார்பரா வாக்கர் பரப்பிய மொசைக் பின்னலிலோ ஸ்லிப் செய்யும்போது நூல் எப்போதும் உட்புறத்திலேயே நிற்கும். ஒரு வரிசையில் ஒரே நிற நூலை மட்டும் கையாண்டும் இருநிறக் கோலம் கிடைப்பது அதனால்தான். காலுறையின் குதிகாலிலும் இப்படி உள்ளே மறையும் நூல்களே துணியைத் தடிப்பாக்குகின்றன.

நூலை இடம் மாற்றும்போது அது இரண்டு ஊசிகளுக்கும் இடையே செல்ல வேண்டும். ஊசியின் மேலாகச் சென்றால் வேண்டாத கண்ணி ஒன்று கூடிவிடும். குறிப்பு வேறு சொல்லாதவரை, பர்ல் செய்வதைப் போல ஊசியை நுழைத்தே கண்ணியை மாற்றுங்கள். நிட் செய்வதைப் போல நுழைத்தால் கண்ணி திரும்பி அமர்ந்து, அடுத்த வரிசையில் முறுக்கிக்கொள்ளும். கண்ணிகளைக் குறைக்கும் சில முறைகளில் மட்டும் வேண்டுமென்றே அவ்வாறு திருப்புவார்கள்.

குறுக்கே செல்லும் நூலை இறுக்கினால் துணி சுருங்கும் என்பதால், வலது ஊசியிலுள்ள கண்ணிகளைச் சற்றுப் பரப்பிவிட்டு அடுத்ததைப் பின்னுவது நல்லது. லினன் பின்னலுக்கு வழக்கத்தைவிடப் பருமனான ஊசியே பொருந்தும்.