‘எனக்கு இனிக்கிறது’: கிரேக்கத் தத்துவ அரியரை முடித்த அனுபவம்

ரிசல்ட் வந்து ஐந்து நாள் ஆகிறது. கிரேக்கத் தத்துவத் தாளை இந்த முறை தாண்டிவிட்டேன், 75-க்கு 56. போன முறை இதே தாளில் 29. எம்.ஏ.வில் எனக்கு விழுந்த ஒரே அரியர் அது. ஆறு மாதமாக நெஞ்சில் கிடந்த கல் இறங்கிய சூட்டிலேயே இதை எழுதுகிறேன். பிளேட்டோ, அரிஸ்டாட்டிலுக்கு நோட்ஸ் எல்லாரிடமும் இருக்கும். நான் சொல்ல வந்தது இன்பவாதக் கேள்வியைப் பற்றி மட்டும், அதாவது இன்பமே வாழ்வின் இலக்கு என்ற கொள்கையைப் பற்றிய கேள்வி.

போன முறை விடைத்தாள் நகலுக்குப் பணம் கட்டி வாங்கிப் பார்த்தேன். ‘இன்பம் பற்றிய சைரீனியரின் கருத்தை விளக்கி எபிக்யூரஸுடன் ஒப்பிடுக’, பதினைந்து மதிப்பெண். (சைரீனியர் என்றால் சைரீன் ஊர்க்காரரான அரிஸ்டிப்பஸின் வழி வந்த இன்பவாதிகள். எபிக்யூரஸ் அவருக்குப் பின் வந்த இன்னொரு இன்பவாதி.) ஐந்து பக்கம் எழுதி மூன்று மதிப்பெண் வாங்கியிருந்தேன். இரண்டு நாள் திருத்தியவர் மேல் கோபமாக இருந்தது. மூன்றாம் நாள் என் விடையை நானே நிதானமாகப் படித்தேன். ‘துன்பமற்ற மன அமைதியே உயர்ந்த இன்பம் என்றார் அரிஸ்டிப்பஸ்’ என்று எழுதி வைத்திருக்கிறேன். அது எபிக்யூரஸின் கருத்து. அரிஸ்டிப்பஸின் வழி வந்தவர்கள் அதை நேரடியாகவே மறுத்தவர்கள். மற்ற பக்கங்கள் முழுக்க அரிஸ்டிப்பஸ் பற்றிய கதைகள்: சாக்ரடீஸின் மாணவர்களில் முதன்முதலாகக் கட்டணம் வாங்கியவர், ‘லாயிஸ் என் வசம், நான் அவள் வசமில்லை’ என்றவர். கதைகள் சுவையானவைதான். அவற்றுக்கு ஒரு மதிப்பெண்கூட விழவில்லை.

அடிப்படைத் தவறு வேறு இடத்தில் இருந்தது. சைரீனியரை நான் அறவியலிலிருந்து படிக்க ஆரம்பித்தேன். அறிவைப் பற்றி அவர்கள் சொன்னதை ‘முக்கியமில்லை’ என்று பென்சிலால் குறித்துவிட்டுத் தாண்டிப் போயிருந்தேன். அங்கிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். இந்தப் பதிவில் ஒரே ஒரு விஷயத்தை எடுத்துக்கொள்வதென்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

‘தேன் இனிப்பானது’, ‘எனக்கு இனிக்கிறது’ என்ற இரண்டு வாக்கியங்களை எழுதிப் பாருங்கள். முதலாவது தேனைப் பற்றியது, இரண்டாவது எனக்குள் நேர்வதைப் பற்றியது. இரண்டாவதில்தான் நான் தவறவே முடியாது என்றார்கள் சைரீனியர். தேன் உண்மையில் எப்படிப்பட்டது என்பது நமக்கு எட்டாது. உள்ளே நேர்வதைக் கிரேக்கத்தில் பாதோஸ் என்பார்கள். அதைச் சொல்வதற்காக ‘இனிப்பூட்டப்படுகிறேன்’, ‘வெண்மையாக்கப்படுகிறேன்’ என்ற மாதிரி விசித்திரமான வினைகளை அவர்கள் பயன்படுத்தியதாக பண்டைய எழுத்தாளர்களான செக்ஸ்டஸ் எம்பிரிகஸும் புளூட்டார்க்கும் குறிக்கிறார்கள். நமக்கு அந்தச் சிரமமே இல்லை. இனிக்கிறது, கசக்கிறது, வலிக்கிறது எல்லாவற்றுக்கும் முன்னால் ‘எனக்கு’ போட்டால் போதும். இது பிடிபட்ட அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை. அத்தனை நாள் மனப்பாடம் செய்தும் நிற்காதது ஒரு வேற்றுமை உருபில் வந்து நின்றது.

காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள் என்று நாம் சொல்வோம் இல்லையா, செக்ஸ்டஸும் இவர்களைப் பற்றிப் பேசும்போது அதே காமாலை உதாரணத்தைத்தான் தருகிறார். காமாலைக்காரனுக்கு மஞ்சளாகப் படுகிறது என்பது பொய்யாகாது. பொருள் மஞ்சளா என்பதுதான் தெரியாது. இன்னொரு படியும் உண்டு. நீங்களும் நானும் ‘இனிப்பு’ என்ற ஒரே சொல்லைச் சொல்கிறோம், ஆனால் உங்களுக்குள் நேர்வதும் எனக்குள் நேர்வதும் ஒன்றா என்று பார்க்க வழியில்லை. பொதுவாக இருப்பது பெயர் மட்டுமே.

இதைப் பிடித்துக்கொண்டால் இன்பம் பற்றிய கருத்துகள் பெரும்பாலும் தானாக வரும். உறுதியாகத் தெரிவது எனக்குள் இப்போது நேர்வதுதான் என்றால், நன்மையையும் அங்கேதான் தேட வேண்டும். மென்மையான அசைவு இன்பம், கரடுமுரடான அசைவு துன்பம். இரண்டும் இல்லாத நடுநிலை இன்பமாகாது, அது தூங்குகிறவனின் நிலை. (இளங்காற்று, புயல், அலையில்லாத கடல் என்ற உவமையும் இருக்கிறது. அதை எழுதினால் விடைக்கு அழகு.) நேற்றைய இன்பத்தை நினைப்பதும் நாளைய இன்பத்தை எதிர்பார்ப்பதும் முழு இன்பமில்லை, ஏனென்றால் அசைவு காலத்தோடு அடங்கிவிடும். அதனால் இலக்கு என்பது தனித்தனி இன்பமே. மகிழ்ச்சியான வாழ்வு அவற்றின் கூட்டுத்தொகை மட்டும்.

எபிக்யூரஸுக்கு (கி.மு. 341–270) வந்தால் தொடக்கமே மாறுகிறது. அவருக்குப் புலன்கள் வெளியுலகின் நம்பகமான சாட்சி. தவறு, நாம் மேலே ஏற்றும் தீர்ப்பில்தான். அசைவில் வரும் இன்பத்தை ஏற்கிறார், ஆனால் உடலில் வலியின்மையும் மனத்தில் கலக்கமின்மையும்தான் உச்சம். மன இன்பம் பெரிது, ஏனென்றால் அது இறந்தகாலத்தையும் எதிர்காலத்தையும் எட்டுகிறது. சைரீனியருக்கோ உடலின் இன்பமே பெரிது. ஒப்பீட்டுக்கு நான் எழுதிய உதாரணம் எபிக்யூரஸின் கடைசிக் கடிதம். சிறுநீர்க் கோளாறின் கடும் வலியில் சாகும் நாளிலும், பழைய உரையாடல்களை நினைக்கும் மகிழ்ச்சியை அந்த வலிக்கு எதிரே நிறுத்துகிறேன் என்று எழுதினார். சைரீனியர் ஒருவரால் அப்படி எழுதியிருக்கவே முடியாது. மொத்த வேறுபாடும் அந்த ஒரு கடிதத்தில் இருக்கிறது.

மறக்கக் கூடாதவை:

– எல்லாவற்றையும் மூத்த அரிஸ்டிப்பஸ் தலையில் கட்டாதீர்கள். அவர் மகள் அரெட்டே, அவளிடம் படித்த மகன் இளைய அரிஸ்டிப்பஸ். கோட்பாட்டை ஒழுங்குபடுத்தியவர் இந்தப் பேரன்தான் என்பது பலர் கருத்து.
– சைரீன் இன்றைய லிபியாவில். ஏதென்ஸ் என்று எழுதிவிட வேண்டாம்.
– ஹெகெசியாஸ் (இவரும் அடுத்த இருவரும் பிற்காலச் சைரீனியர்): உடல் துன்பம் நிறைந்தது, ஆகவே மகிழ்ச்சி எட்டாது. இவர் பேச்சைக் கேட்டுப் பலர் உயிரை விட்டதால் எகிப்தை ஆண்ட தாலமி மன்னன் தடை போட்டதாகச் சொல்லப்படுவதை ரோம எழுத்தாளர் சிசரோ குறிப்பிடுகிறார்.
– அன்னிசெரிஸ்: நட்பு, நன்றி, நாடு ஆகியவற்றுக்கும் இடம் தந்தவர்.
– தியோடோரஸ்: இன்பம், துன்பம் என்ற இடத்தில் மனமகிழ்வு, மனத்துயர்.
– நம் நாட்டுப் பொருள்முதல்வாதிகளான சார்வாகரோடு ஒப்பிட ஆசை வரும். ஒரு வரி போதும், அதுவும் வேறுபாட்டைச் சொல்ல. சார்வாகர் காட்சி அளவையை (புலன்களால் நேரடியாக அறிவதை) நம்பி வெளிப்பொருளை ஏற்றவர்கள். சைரீனியருக்கு அந்த நம்பிக்கை இல்லை.

படித்த முறையைக் கேட்பவர்களுக்கு: நான் மெதுவாகப் படிக்கிறவள். கைடு மூன்று வாங்கி மூன்றையும் புரட்டுவது எனக்கு ஒத்துவரவில்லை. ஒரே புத்தகம், அதோடு தத்துவ அறிஞர்களின் வாழ்க்கைகளைத் தொகுத்த டயோஜினஸ் லயர்ஷியஸின் இரண்டாம் நூலும் பத்தாம் நூலும். காலையில் ஒரு மணி நேரம் புத்தகத்தை மூடிவைத்துக் கையால் எழுதுவேன். எழுத வராத இடம்தான் புரியாத இடம். கூட்டுப் படிப்பு சிலருக்கு உதவலாம், எனக்கு அது பேச்சாகவே போனது.

இந்த முறை அதே கேள்வி வேறு சொற்களில் வந்தது. முதல் விடையாக அதைத்தான் எழுதினேன். முதல் வரி ‘தேன் இனிப்பானது என்பது வேறு, எனக்கு இனிக்கிறது என்பது வேறு.’ இருபத்தைந்து நிமிடம் ஆனது. எபிக்யூரஸின் பெயர் மூன்றாம் பக்கத்தில்தான் முதன்முதலாக வந்தது.