ரெஜைனாவில் ஒரு கடைமடைக்காரி

ஆடி மாத லீவுக்கு ஊர் வந்து இறங்கிய மறுநாள் காலையிலேயே சித்தப்பா கட்டைப்பையோடு வந்துவிட்டார். உள்ளே வத்தல், கூழ்வடகம், எள்ளுப்பொடி, பழைய ஹார்லிக்ஸ் பாட்டில் நிறைய மாவடு. அவர் மாப்பிள்ளை டொரண்டோவில் இருக்கிறார். "நீயும் கனடாவுலதானே இருக்க. திரும்பிப் போனதும் ஒரு ஞாயித்துக்கெழம ஒரு எட்டு போய்க் குடுத்துட்டு வந்துரும்மா" என்றார்.

நான் இருக்கிற ரெஜைனாவிலிருந்து டொரண்டோ சாலை வழியே 2,500 கிலோமீட்டருக்கு மேல். கன்னியாகுமரியிலிருந்து டெல்லி போகிற தூரத்துக்குக் கொஞ்சம்தான் குறைச்சல். சொன்னேன். சித்தப்பா சிரிக்கக்கூட இல்லை. "ஒரே நாடுதானம்மா?" என்றார். பை தூக்கச் சோம்பல்பட்டுச் சாக்குச் சொல்கிறேன் என்று நினைத்திருப்பார். அவரைச் சொல்லியும் குற்றமில்லை. திருத்துறைப்பூண்டியில் பஸ் ஏறினால் மன்னார்குடி, நீடாமங்கலம், கும்பகோணம் என்று ஒரே முகூர்த்த நாளில் மூன்று கல்யாணத்துக்கு மொய் எழுதிவிட்டு ராத்திரி வீட்டுக்கு வந்து படுக்கிற ஆட்கள் நாங்கள்.

எங்கள் பக்கத்தில் கனடா என்றால் டொரண்டோ. அங்கே ஸ்கார்பரோ பக்கம் போனால் தமிழ்க் கடை, தமிழ் டாக்டர், கோயில், கல்யாண மண்டபம் எல்லாம் உண்டு. நாட்டை விட்டுத் துரத்தப்பட்டு வந்த ஈழத்தமிழர்கள் ஒன்றுமில்லாமல் வந்து இறங்கி உண்டாக்கியது அது. 2016இல் கனடா நாடாளுமன்றம் ஜனவரியைத் தமிழ் மரபு மாதமாக அறிவித்தது என்றால் அவர்களால்தான். நான் இருப்பது அந்தக் கனடா இல்லை. சஸ்காச்சுவான் மாகாணம், ஐந்து தமிழ்நாடு கொள்ளும். மொத்த ஜனம் ஏறக்குறைய நம் திருவாரூர் மாவட்டத்து அளவு. முருங்கைக்கீரை கண்ணில் படுவதே அபூர்வம்.

அம்மாவுக்குப் பிடித்த விஷயம் ஒன்று மட்டும் உண்டு. கனடாவில் ஆறு நேர மண்டலங்கள். கிழக்குக் கோடியில் நியூஃபவுண்ட்லாந்துக்கு நம்மைப் போல அரைமணிக் கணக்கு வேறு. பெரும்பாலான மாகாணங்கள் வருஷத்துக்கு இரண்டு தடவை கடிகாரத்தைத் திருப்பி வைக்கும். சஸ்காச்சுவான் திருப்பாது. எங்களுக்கும் ஊருக்கும் வருஷம் முழுக்கப் பதினொன்றரை மணி நேர வித்தியாசம்தான். "அந்த ஒண்ணாவது ஒழுங்கா இருக்கே" என்பாள் அம்மா.

முதலில் போய் இறங்கியபோது எனக்கு ஒரே சந்தோஷம். தரை தட்டையாக இருந்தது! என் வீட்டுக்காரர் மலையைப் பார்க்கவேண்டும் என்று ஆசைப்பட்டவர். எனக்கு மலை ஆகாது. பிறந்ததிலிருந்து கண்ணுக்கு எட்டிய மட்டும் வயலைப் பார்த்தவளுக்கு இங்கேயும் அதே பார்வை கிடைத்தது. நடுவில் கோபுரம் இல்லை. ரயில் பாதையை ஒட்டித் தானியம் கொட்டி வைக்கிற உயரமான கூண்டுகள்தான், அதில் ஊர்ப் பெயர் எழுதியிருக்கும். அதைப் பார்த்து ஊர் வந்துவிட்டது என்று தெரிந்துகொள்ளலாம். சரி, இது போதும், வாழ்ந்துவிடலாம் என்று தோன்றியது.

ஆனால் அந்தத் தட்டைத்தரையில் ஒரு வளைவு கிடையாது. நாலு பக்கமும் கோடு போட்டுப் பிரித்த மாகாணம். ஆறு, மலை எதுவும் எல்லையில் இல்லை. உள்ளேயும் அப்படித்தான். ஒரு மைலுக்கு ஒரு மைல் சதுரம், அது 640 ஏக்கர். அதில் கால் பங்கு 160 ஏக்கர். 1872 சட்டப்படி 10 டாலர் பதிவுக் கட்டணம் கட்டி, அங்கேயே குடியிருந்து உழுதால் குடியேறியவனுக்கு அந்தக் கால் பங்கு கிடைத்தது. அதற்கு முன் அங்கே இருந்த பழங்குடிகளோடு 1874இல் நான்காம் ஒப்பந்தம் போட்டார்கள். இப்போது ஒவ்வொரு கூட்டத் தொடக்கத்திலும் 'இது நான்காம் ஒப்பந்த நிலம்' என்று ஒரு வரி வாசிக்கிறார்கள். வாசித்துவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுகிறார்கள்.

அப்பாவுக்கு இதைக் கணக்காகச் சொன்னால்தான் ஏறும். ஒரு வேலி ஆறே முக்கால் ஏக்கருக்குச் சற்றுக் குறைவு. 160 ஏக்கர் என்றால் இருபத்துநாலு வேலி. இன்றைக்கு அங்கே ஒரு பண்ணை சராசரியாக 1,700 ஏக்கருக்கு மேல், அதாவது இருநூற்றைம்பது வேலி. "எத்தன பேரு நடவுக்கு?" என்று கேட்டார். புருஷன், பெண்டாட்டி, ஒரு மகன் என்றேன். அப்பா நம்பவில்லை. அவரிடம் இருப்பது பதினேழு மா, ஒரு வேலிகூட இல்லை. அதிலேயே மேற்கு வரப்பை அண்டை வெட்டும்போது பங்காளி சாண் சாணாகச் செதுக்கிக்கொண்டு வந்துவிட்டான் என்று இரண்டு பஞ்சாயத்து நடந்திருக்கிறது. அந்தப் பஞ்சாயத்துக்கு நடுவே வரப்பில் உட்கார்ந்து நான் நண்டு வளையை நோண்டிக்கொண்டிருந்தது இப்போதும் நினைவிருக்கிறது. இருநூற்றைம்பது வேலிக்காரன் வயலில் உட்கார ஒரு வரப்பு இல்லை.

நான் வேலை பார்ப்பது தானியம் வாங்கி விற்கிற ஒரு கம்பெனியின் கணக்குப் பிரிவில். மே மாதம் விதைப்பு, ஆகஸ்ட் கடைசியில் அறுப்பு, அப்புறம் பனி. குறுவை, சம்பா, தாளடி என்றெல்லாம் சொன்னால் வாயைப் பிளப்பார்கள். கோதுமை, கடுகு ஜாதியைச் சேர்ந்த கனோலா, அதோடு பருப்பு. ஆமாம், பருப்பு! நம் கடைகளில் விற்கிற மசூர் பருப்பும் மஞ்சள் பட்டாணியும் பெருமளவு இந்தச் சஸ்காச்சுவானிலிருந்துதான் கப்பல் ஏறின. 2017 நவம்பரில் இந்தியா மஞ்சள் பட்டாணிக்கு 50 சதவீதம் இறக்குமதி வரி போட்டது. அடுத்த மாதம் மசூருக்கு 30 சதவீதம். டெல்லியில் கையெழுத்துப் போட்டது நான் இல்லை என்று ஆபீசில் விளக்கவேண்டி வந்தது. எங்கள் ஊரில் பருப்பு என்றால் சம்பா அறுப்புக்குப் பத்து நாள் முன்னால் கதிருக்கடியில் ஈரத்தில் விசிறிவிடுகிற உளுந்தும் பயறும்தான். அதற்கு ஒரு சர்வதேசப் பிரச்சினை வரும் என்று நினைத்ததில்லை.

பொட்டாஷ் உரமும் அப்படித்தான். இந்தியா பொட்டாஷை வெளிநாட்டிலிருந்துதான் வாங்குகிறது. சஸ்காச்சுவானில் ஒரு கிலோமீட்டர் ஆழத்தில் தோண்டுகிறார்கள். உலகத்தில் அதிகம் எடுக்கிற இடங்களில் அதுவும் ஒன்று. "அப்ப ஒங்க ஊர்க்காரன்ட்ட சொல்லி மூட்ட வெலயக் கொறைக்கச் சொல்லேன்" என்றார் அப்பா. அவருக்கு நான் எந்த ஊர்க்காரி என்பது தேவைக்குத் தகுந்தபடி மாறும்.

அந்த நாட்டிலும் ஒரு மாகாணத்துக்காரன் இன்னொரு மாகாணத்துக்காரனைத் திட்டாமல் சாப்பிடுவதில்லை. கியூபெக்கில் பிரெஞ்சுதான், 1977இல் அதற்கென்று சட்டமே போட்டார்கள். கிழக்கே நியூஃபவுண்ட்லாந்தில் 1992இல் காட் மீன் பிடிக்கத் தடை வந்ததும் கடலோர ஊர்கள் காலியாகி, ஆட்கள் ஆல்பர்ட்டாவின் எண்ணெய் வயல்களுக்குப் போனார்கள். 1957இலிருந்து, வரும்படி குறைந்த மாகாணங்களுக்கு மத்திய அரசு சமப்படுத்தும் நிதி கொடுக்கிறது. அதில் அதிகத் தொகை கியூபெக்குக்கு. எண்ணெயும் பொட்டாஷும் இருக்கிற மேற்கு மாகாணங்களுக்கு இதில் ஆத்திரம்: 'நாங்கள் சம்பாதிக்கிறோம், கிழக்கே உட்கார்ந்து தின்கிறார்கள்.' நம் வரிப்பங்குப் பேச்சை அப்படியே கேட்கிற மாதிரி இருக்கும். இதிலெல்லாம் நான் தலையிடுவதில்லை. என்னை உள்ளே இழுத்தது தண்ணீர்.

ரெஜைனாவில் குழாயில் வருகிற தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று ஒருநாள் சும்மா தேடிப்பார்த்தேன். பஃபலோ பவுண்ட் என்ற ஏரியிலிருந்து. அதற்கு எங்கிருந்து? டீஃபன்பேக்கர் ஏரியிலிருந்து. அது 1967இல் தெற்கு சஸ்காச்சுவான் ஆற்றின் குறுக்கே கட்டிய கார்டினர் அணையின் நீர்த்தேக்கம், கொள்ளளவு ஏறக்குறைய 330 டி.எம்.சி. நம் மேட்டூர் 93.47. மூன்றரை மேட்டூர்! அந்த ஆறு எங்கிருந்து வருகிறது? ஆல்பர்ட்டாவிலிருந்து, ராக்கி மலைப் பனி உருகி. அதாவது மேலே இன்னொரு மாகாணம். எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. இங்கேயும் வந்து கடைமடையில், தண்ணீர் கடைசியாக வந்து சேர்கிற இடத்தில், மாட்டிக்கொண்டோமே!

என் வீட்டுக்காரர் திருவையாற்றுக்காரர். எங்கள் ஊருக்கும் அவர் ஊருக்கும் நூறு கிலோமீட்டர்கூட இல்லை. ஆனால் அவர் வீட்டுக் கொல்லையில் வாழையும் வெற்றிலையும். மோட்டார் போட்டால் நல்ல தண்ணீர். எங்கள் பக்கம் போர் போட்டால் உப்பு. பெண் பார்க்க வந்தபோதே மாமியார் காப்பியை ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். அதை நான் இன்னும் மறக்கவில்லை. ஆல்பர்ட்டாவில் இருக்கிற கால்கரியிலிருந்து இவருடைய நண்பர் குடும்பம் வந்திருந்தபோது "எங்க தண்ணியத்தான் நீங்க குடிக்கிறீங்க" என்று அந்த அண்ணன் விளையாட்டாகச் சொன்னார். இவர் சிரித்து, "மேல இருக்கறவன் குடிச்ச மிச்சம்தானே கீழ வரும்" என்றார். தலைமடைப் புத்தி கடல் கடந்தாலும் போகாது.

அந்த வேகத்தில்தான் படித்தேன். 1969இல் ஆல்பர்ட்டா, சஸ்காச்சுவான், மனிடோபா, மத்திய அரசு நால்வரும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் இருக்கிறது. கிழக்கே ஓடுகிற ஆறுகளின் இயற்கை நீரோட்டத்தில் ஆல்பர்ட்டா பாதி எடுத்துக்கொள்ளலாம்; மீதியைச் சஸ்காச்சுவானுக்கு விடவேண்டும். சஸ்காச்சுவான் தனக்கு வந்ததிலும் தன் மண்ணில் ஊறியதிலும் பாதியை மனிடோபாவுக்கு விடவேண்டும். பார்த்துக்கொள்ள ஒரு வாரியம். பெரும்பாலான வருஷங்களில் பாதிக்கு மேலேயே வந்துவிடுகிறதாம். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் இல்லை. காவிரிக்கு 1924 ஒப்பந்தம், 1990 நடுவர் மன்றம், 2007 தீர்ப்பு, 2018இல் 177.25 டி.எம்.சி. என்று நான் பிறந்து வளர்ந்ததெல்லாம் இந்தத் தேதிகளுக்கு நடுவில். இவர்கள் 'பாதி' என்று எழுதிவிட்டுப் போய்விட்டார்கள்.

நியாயமாகப் பேசினால் இரண்டும் ஒன்றில்லை. சஸ்காச்சுவானில் பெரும்பாலான வயல் மானாவாரி. ஆறு வராவிட்டால் யாருடைய நாற்றும் காய்ந்து போவதில்லை. ஜனமும் கொஞ்சம். சண்டை போட ஆள் வேண்டுமே.

எனக்கு இப்போதெல்லாம் அந்த ஊர் நன்றாகவே பழகிவிட்டது. மைனஸ் முப்பதில் காரை ஸ்டார்ட் செய்யத் தெரியும், பக்கத்து வீட்டுக்காரர் வாசல் பனியைத் தள்ளினால் பதிலுக்கு முறுக்குக் கொடுக்கத் தெரியும். ஆடிப்பெருக்குக்கு மட்டும் வாஸ்கானா ஏரிக்கரைக்குப் போவேன். ஊர் நடுவில் மனிதர்கள் அணைபோட்டு உண்டாக்கிய ஏரி. இலையில் காப்பரிசியும் மஞ்சள் கயிறும் வைத்துக் கண்ணை மூடினால் வாத்துக்கூட்டம் வந்து காப்பரிசியைத் தின்றுவிட்டுப் போய்விடும். ஏரித்தண்ணீர் அசையாமல் கிடக்கும். எனக்கு எங்கள் ஊர் முள்ளியாறு நினைவுக்கு வரும். கல்லணை திறந்து நாளாகி, காய்ந்த மணலில் சருகும் நுரையும் தள்ளிக்கொண்டு புதுத்தண்ணீர் வரும். அதற்கு முன்னால் நாங்கள் ஓடுவோம். பெரியவர்கள் நெல்லும் பூவும் தூவுவார்கள். மதகைத் திறந்து மூடுகிற லஸ்கர் அங்கே நின்று எங்களை விரட்டுவார். அந்தத் தண்ணீர் எங்கள் வாய்க்காலில் ஏறுமா என்று அப்பா ராத்திரி டார்ச்சோடு போவார். ஏறாத வருஷங்களும் உண்டு.

இந்த லீவில் ஒப்பந்தத்தை அப்பாவிடம் சொன்னேன். பாதி என்றதும் மற்றவர்கள் 'அடேயப்பா' என்றார்கள். அப்பா மட்டும் வெற்றிலைக் காம்பைக் கிள்ளியபடி, "தண்ணி இல்லாத வருஷத்துக்கு என்னா எழுதியிருக்கான், அதச் சொல்லு" என்றார்.

அதுவும் இருக்கிறது. தெற்கு சஸ்காச்சுவான் ஆற்றில் மட்டும், பாதிக்கு மேல் போனாலும் ஆல்பர்ட்டா வருஷத்துக்கு 21 லட்சம் ஏக்கர் அடி எடுத்துக்கொள்ளலாம். ஏறக்குறைய 91 டி.எம்.சி. அப்படி எடுப்பதால் எல்லையில் ஓட்டம் வினாடிக்கு 1,500 கன அடிக்குக் கீழே போகக்கூடாது.

"ஆயிரத்தி ஐநூறா? அது மூணாறு தலைப்புலயே முடிஞ்சிரும்" என்றார், எங்கள் பக்கத்தில் ஆறு மூன்றாகப் பிரிகிற இடத்தைச் சொல்லி. அப்புறம் கொஞ்சம் யோசித்து, "இருந்தாலும் கொறஞ்ச வருஷத்துக்குன்னு ஒரு நம்பர முன்னாடியே எழுதி வச்சிருக்கான் பாரு. அத அப்படியே தமிழ்ல எழுதிக் குடு, சங்கக் கூட்டத்துல படிக்கணும். ஏக்கர் அடின்னு எழுதாத, ஒருத்தனுக்கும் புரியாது" என்றார்.

எழுதிக்கொண்டிருக்கிறேன். என் வீட்டுக்காரர் திருவையாற்றிலிருந்து போன் பண்ணி, எழுதுவதுதான் எழுதுகிறாய், மேலே இருப்பவன் பக்கத்து நியாயத்தையும் ஒரு வரி சேர்த்துவிடு என்கிறார். பேப்பரில் இடமில்லை என்று சொல்லிவிட்டேன்.