சோடியம், மி.கி.

15 ஜூன் 2024

மாரடைப்புக்குச் சிகிச்சை முடிந்து மதியம் மதுரையிலிருந்து வீடு வந்து சேர்ந்தோம். நெஞ்சுக்குள் ரத்தக்குழாய் அடைக்காமலிருக்க ஒரு ஸ்டென்ட், வலது மணிக்கட்டில் ஒரு பிளாஸ்திரி, கையில் ஒரு பை. பைக்குள் ஆறு வகை மாத்திரையும் நாலு பக்க டிஸ்சார்ஜ் சம்மரியும். நான் சிவகாசியில் ஆப்செட் அச்சகம் ஒன்றில் இருபத்தாறு வருடமாக ப்ரூப் பார்க்கிறவன். சம்மரி முழுக்க ஆங்கிலம்தான் என்றாலும் காரிலேயே வாசித்து முடித்தேன். ஓர் எழுத்துப்பிழைகூடக் கண்டுபிடித்தேன். விஷயம்தான் ஒன்றும் புரியவில்லை.

நடந்ததை மறப்பதற்குள் எழுதி வைக்கிறேன். 11ஆம் தேதி விடிகாலை நாலு மணிக்கு நெஞ்சு நடுவில் அமுக்கியது. இடது தாடை வரை ஒரு கடுகடுப்பு. பனியன் நனைய வேர்வை. முந்தின ராத்திரி சாப்பிட்ட எண்ணெய்ப் பரோட்டா மேல் பழியைப் போட்டேன். வாயு என்று நானே முடிவு பண்ணி ஓமத் தண்ணீர் குடித்தேன், அப்புறம் சோடா, அப்புறம் குப்புறப் படுத்துப் பார்த்தேன். மூன்று மணி நேரம் இப்படியே போனது. மனைவி சத்தம் போட்டுத்தான் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனோம். ஈசிஜி எடுத்த கையோடு ஒரு கை மாத்திரையைக் கொடுத்து அங்கேயே விழுங்க வைத்தார்கள். 2023இல் வந்த 'இதயம் காப்போம்' திட்டமாம். அங்கிருந்து 108இல் மதுரை. அந்த மூன்று மணி நேரத்தில் இதயத் தசை கொஞ்சம் போய்விட்டது என்று மதுரையில் சொன்னார்கள்.

17 ஜூன்

இரண்டு ராத்திரியாகத் தூக்கம் இல்லை. சம்மரியில் 'ஈஎஃப் 45%' என்று இருக்கிறது. பாதிக்குமேல் இதயம் செத்துவிட்டது, மிச்சம் 45தான் என்று நானாக அர்த்தம் பண்ணிக்கொண்டேன். மனைவியிடம் சொல்லவில்லை. எல்ஐசி பத்திரம் எந்தப் பீரோவில் இருக்கிறது என்று மட்டும் கேட்டேன். அவளுக்கு அதிலேயே சந்தேகம் வந்துவிட்டது.

நர்சிங் படிக்கிற தங்கை மகள் இன்று பார்க்க வந்தாள். "மாமா, நல்ல இதயமே நூறு தள்ளாது. ஒவ்வொரு துடிப்புக்கும் உள்ளே இருக்கிற ரத்தத்தில் 55, 60 சதவீதம்தான் வெளியே போகும். உங்களுக்கு 45 போகுது. கொஞ்சம் குறைச்சல், அவ்வளவுதான்" என்றாள். நூற்றுக்கு எத்தனை மார்க் என்று பார்த்தே பழகியவனுக்கு இது எப்படித் தெரியும்? இந்த ஒரு வரியை மதுரையில் யாராவது சொல்லியிருந்தால் இரண்டு ராத்திரி மிச்சம்.

4 ஜூலை

இன்று முதல் அரை நாள் வேலை. உட்கார்ந்ததும் மேசைக்கு வந்தது ஒரு ஊறுகாய் லேபிள். நாலு கலர், சிவப்பு மட்டும் மயிரிழை விலகியிருந்தது. அதைக் குறித்துவிட்டு வழக்கம்போல் பொடி எழுத்துக்கு வந்தேன். 'சோடியம் 4800 மி.கி., 100 கிராமுக்கு.' முன்னே என்றால் 'மி.கி.'க்குப் புள்ளி இருக்கிறதா என்று பார்த்து பாஸ் பண்ணியிருப்பேன். எத்தனை லட்சம் லேபிள் அப்படிப் போயிருக்கும்!

தங்கை மகள் சொல்லிக்கொடுத்த கணக்கு: சோடியத்தை இரண்டரையால் பெருக்கினால் உப்பு. அப்படியானால் நூறு கிராம் ஊறுகாயில் பன்னிரண்டு கிராம் உப்பு. தயிர்ச் சோற்றுக்கு நான் வைத்துக்கொள்வது கால் பங்காவது இருக்கும், அதிலேயே மூன்று கிராம். ஒரு நாள் முழுவதற்கும் ஐந்து கிராமுக்குள் இருக்கட்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரு டீஸ்பூன். மதியச் சாப்பாட்டின் ஓரத்திலேயே பாதிக்குமேல் முடித்துவிடுகிறேன்.

அதே கட்டுக்குள் ஒரு கடலை எண்ணெய் லேபிளும் இருந்தது. 'கொலஸ்ட்ரால் இல்லாதது' என்று போட்டுப் பக்கத்தில் ஒரு சிவப்பு இதயம். செடியிலிருந்து வருகிற எந்த எண்ணெயிலும் கொலஸ்ட்ரால் கிடையாது. தண்ணீர்ப் பாட்டிலிலும் இதைப் போடலாம்.

19 ஜூலை

வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன். மருத்துவமனையில் கொடுத்த ஒரு மாத மாத்திரை தீர்ந்தது. ஆஸ்பிரின், குளோபிடோகிரெல் இரண்டுக்கும் எதிரே 'ரத்தம் இளக்கும் மாத்திரை' என்றுதான் எழுதிக் கொடுத்திருந்தார்கள். ஒரே வேலைக்கு எதற்கு இரண்டு ஆள் என்று ஆஸ்பிரினை மட்டும் வாங்கி நாலு நாள் ஓட்டிவிட்டேன்.

இன்று பிரஷர் பார்க்க ஆரம்ப சுகாதார நிலையம் போனபோது அட்டைகளை எடுத்துப் பார்த்த நர்ஸுக்கு முகம் மாறியது. டாக்டரை அழைத்துவந்தார். இருவருமாக விளக்கினார்கள்: ஸ்டென்ட் என்று உள்ளே வைத்தது கம்பி வலை. அதன்மேல் நம் சதை மூடிப் படர்கிற வரைக்கும் ரத்தத்துக்கு அது அந்நியப் பொருள், சட்டென்று உறைந்து அடைத்துக்கொள்ளும். ரத்தத் தட்டணுக்கள் ஒட்டிக்கொள்ள வழி பல. ஆஸ்பிரின் ஒரு வழியை அடைக்கும், குளோபிடோகிரெல் இன்னொன்றை. எனக்கு ஒரு வருடத்துக்கு இரண்டும் வேண்டும். பல் பிடுங்கக் கூப்பிட்டால்கூட இவர்களைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது.

திட்டுவார்கள் என்று நினைத்தேன். நர்ஸ், "நான் சொன்னதை இப்ப நீங்க எனக்குச் சொல்லுங்கண்ணே" என்றார். பள்ளிக்கூடப் பையன் மாதிரி ஒப்பித்தேன். ஒரு இடத்தில் தப்பாகச் சொன்னேன், திருத்தினார். திரும்பச் சொன்னேன். மொத்தம் மூன்று நிமிடம் ஆகியிருக்கும். இப்போது எழுதும்போது ஒன்றும் மறக்கவில்லை.

3 ஆகஸ்ட்

ஆடிப்பெருக்கு. அடுத்த வருடக் காலண்டர் மாதிரிகள் அடங்கிய ஆல்பம் வெளியிடும் நாள், சிவகாசி அச்சகங்களுக்கு இதுதான் பொங்கல். பூஜை முடிந்து பரோட்டா வந்தது. இரண்டு சாப்பிட்டேன். மூன்றாவதும் சாப்பிட்டேன். இந்த வாரம் நடைக்கும் போகவில்லை.

ஜூனில் இருந்த பயம் இப்போது இல்லை. முதல் மாதம் லிப்டுக்குள் நுழையவே பயம். இப்போது நெஞ்சு வலிக்கவில்லை, நன்றாகத் தூங்குகிறேன், பிறகு எதற்கு இந்த அவஸ்தை என்று மனசு கேட்கிறது. சிகரெட் ஒன்றுதான் ஆஸ்பத்திரியிலேயே விட்டது விட்டதாக இருக்கிறது. விட்டு ஒரு வருடம் ஆனால் மாரடைப்பு அபாயம் புகைப்பவருக்கு இருப்பதில் பாதியாகிவிடுமாம். அந்தக் கணக்குக்காகவே பல்லைக் கடித்துக்கொண்டிருக்கிறேன்.

4 ஆகஸ்ட்

ஆடி அமாவாசை. பதினெட்டு வருடமாகச் சதுரகிரி ஏறிய கூட்டத்தில் இந்த வருடம் நான் இல்லை. மலையடிவாரம் தாணிப்பாறையில் இறங்கியதும் போட்டோ அனுப்பினார்கள். எப்போதும் நான் நிற்கிற இடத்தில் மச்சான் மகன் நிற்கிறான். சாயந்திரம் வரைக்கும் யாரிடமும் பேசப் பிடிக்கவில்லை.

6 ஆகஸ்ட்

மதுரை டாக்டரிடம் கேட்டுவிட்டேன். அடுத்த ஆடிக்கு மலை ஏற முடியுமா? இத்தனை நாள் அவர் கேட்டார், நான் தலையாட்டினேன். இன்றுதான் நான் கேட்டேன். வாக்குக் கொடுக்கவில்லை. "வாரத்துக்கு 150 நிமிஷம் நடங்க. பேச முடியணும், பாட முடியக்கூடாது, அந்த வேகம். அப்புறம் டிரெட்மில்லில் ஏத்திப் பார்த்துட்டுச் சொல்றேன்" என்றார்.

வீட்டுத் தினக்காலண்டரில் ராகு காலத்துக்குக் கீழே கொஞ்சம் வெள்ளை இருக்கும். அந்த இடத்தில் நடந்த நிமிடத்தை எழுதுகிறேன். இன்று 12.

27 ஆகஸ்ட்

வீட்டில் உப்புச் சண்டை. வாட்ஸ்அப்பில் வந்ததென்று மனைவி இந்துப்பு வாங்கிவந்தாள். அதுவும் சோடியம் குளோரைடுதான், நிறம்தான் வேறு. அடுத்து மைத்துனர் 'சோடியம் குறைந்த உப்பு' பாக்கெட் கொண்டுவந்தார். லேபிளைப் பார்த்தேன், பொட்டாசியம் குளோரைடு. நான் சாப்பிடும் ராமிப்ரில் மாத்திரை ஏற்கெனவே ரத்தத்தில் பொட்டாசியத்தை ஏற்றக்கூடியது, இதையும் சேர்த்தால் ஆபத்து. டாக்டரிடம் போனில் கேட்டோம், வேண்டாம் என்றுவிட்டார்.

கடைசியில் மனைவிதான் வழி கண்டுபிடித்தாள். "மாவில உப்பு, சட்னியில உப்பு, சாம்பார்ல உப்பு. ஒரு இட்லிக்கு மூணு தடவை போடுறோமேங்க" என்றாள். இன்று முதல் சட்னியில் உப்பு இல்லை, புளியும் பூண்டும் கூடுதல். எனக்கென்று தனிச்சட்டி வைக்க மாட்டாளாம், எல்லாருக்கும் இதுதான். பையன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போனான்.

14 செப்டம்பர்

ரத்தப் பரிசோதனை. கெட்ட கொலஸ்ட்ரால் 138ஆக இருந்தது 62. அய்யோ இவ்வளவு இறங்கிவிட்டதே என்று பதறினேன். இது இறங்கத்தான் வேண்டுமாம், எங்கள் டாக்டருக்கு 55க்குக் கீழே வேண்டும். எக்கோ என்கிற இதய ஸ்கேனில் அந்த ஈஎஃப் 45 இப்போது 51. அது ஏற வேண்டும். ஒரே தாளில் ஒன்று ஏற, ஒன்று இறங்க. ரிப்போர்ட்டில் மேலே பார்த்த அம்புக்குறி, கீழே பார்த்த அம்புக்குறி போட்டு அச்சடித்தால் என்ன குறைந்துவிடும்? நாலு பைசா மையும் செலவாகாது.

நடை 31 நிமிடம்.

6 அக்டோபர்

தீபாவளி அவசரம், நேற்று ராத்திரி ஷிப்ட். பதினோரு மணிக்கு மெஷின் ஓட்டுகிற தம்பி நெஞ்சைத் தடவிக்கொண்டு வந்தான். "அண்ணாச்சி, வாயுவா இருக்கும், ஒரு சோடா சொல்லுங்க" என்றான். நெற்றியில் வேர்வை. எனக்கு ஜூன் 11 ஞாபகம் வந்துவிட்டது. சோடா சொல்லவில்லை, 108க்குப் போன் பண்ணினேன். வேண்டாம் வேண்டாம் என்று ஆம்புலன்ஸ் படியில் ஏறுகிற வரை சண்டை போட்டான்.

ஈசிஜி சரியாக இருந்தது. விடிகிற வரை வைத்திருந்து ரத்தம் இரண்டு தடவை எடுத்தார்கள், அதுவும் சரி. வாயுதான்.

காலையில் டீக்கடையில் பிடித்துக்கொண்டான். "நல்ல ஷிப்ட் கூலி போச்சு அண்ணாச்சி. யாரு குடுப்பா?" கொடுத்துவிட்டேன். வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு, போகிற போக்கில், "ஆமா, அந்த ரத்தத்துல எதைப் பார்த்தாங்க?" என்றான். தெரிந்த அளவு சொன்னேன். அடிபட்ட இதயத் தசை ரத்தத்தில் ஒரு பொருளை விடும், அது உடனே தெரியாது, அதனால்தான் சில மணி நேரம் விட்டு இரண்டாவது தடவை எடுப்பார்கள்.

"சரி, இப்ப நான் சொன்னதை நீ சொல்லு" என்றேன். ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு டீக்குச் சர்க்கரை கேட்டான்.

நடை 34.