பாப்பா என் அறைக்கு வந்த வருடம்

2017 ஜூனில் அப்பத்தாவை ஊரிலிருந்து திருச்சிக்கு எங்கள் வீட்டுக்கே அழைத்து வந்துவிட்டோம். முட்டிவலிக்காரர், ராத்திரி எழுந்தால் கைபிடிக்க ஆள் வேண்டும். அதனால் அம்மா அவர்கூடப் படுத்தார், அப்பா ஹாலுக்குப் போனார், அதுவரை அம்மா பக்கத்திலேயே தூங்கிய தங்கை என் அறைக்கு வந்தாள். அவளுக்கு 8 வயது. எனக்கு 16.

பத்துக்குப் பத்து அறை. ஒரு கட்டில், ஒரு பீரோ, ஜன்னலோரம் என் மேஜை. அந்த வருடம்தான் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு கொண்டுவந்தார்கள், நாங்கள்தான் முதல் செட். பதினோரு மணி வரை படிப்பேன். டியூப்லைட் எரிந்தால் பாப்பாவுக்குத் தூக்கம் வராது, அணைத்தால் பயம். ஃபேனை ஐந்தில் வைத்தால் அவளுக்குக் குளிரும், மூன்றில் வைத்தால் எனக்குப் புழுங்கும். தரையில் சாக்பீஸால் கோடு போட்டேன். இரண்டே நாளில் அழிந்துவிட்டது.

ஒருநாள் என் விலங்கியல் ரெக்கார்டு நோட்டில் தவளைப் படத்துக்கு ஸ்கெட்ச் பேனாவால் பச்சை அடித்து வைத்திருந்தாள். பென்சிலில் மட்டும்தான் வரைய வேண்டும், அத்தனையும் திரும்ப வரையணும். கத்தித் தீர்த்துவிட்டேன். அன்றைக்கு ராத்திரி போர்வைக்குள் தேம்பிக்கொண்டே, "நான் அம்மாகிட்டயே படுத்துக்கறேன்க்கா" என்றாள். என் அறை போய்விட்டதென்று இரண்டு மாதமாகப் பொருமிக்கொண்டிருந்தேன். அவளுக்கு அம்மாவே போயிருந்தார். யாரும் அவளைக் கேட்கவில்லை, நானும்தான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அப்பாவும் நானும் பீரோவை நகர்த்தி, மேஜைக்கும் கட்டிலுக்கும் நடுவில் நிறுத்தினோம். டேபிள் லேம்ப்பைச் சுவர்ப்பக்கம் திருப்பியதும் கட்டிலில் வெளிச்சம் விழவில்லை. பயத்துக்கு ஒரு ஜீரோ வாட்ஸ் பல்பு. (பேர்தான் ஜீரோ. பழைய குண்டு பல்பு 12, 15 வாட்ஸ் இழுக்கும். எல்.ஈ.டி.யாகப் பார்த்து வாங்குங்கள்.) கட்டிலை அவளுக்கே விட்டுவிட்டு, ஃபேனுக்கு நேர் கீழே பாய் போட்டுக்கொண்டேன். பீரோவின் கீழ்த்தட்டு இரண்டும் அவளுக்கு. அதை நான் திறப்பதில்லை, என் மேஜையை அவள் தொடுவதில்லை.

இதையெல்லாம்விட உதவியது ஒன்பது மணியிலிருந்து ஒன்பதரை வரையான அரைமணி நேரம். புத்தகத்தை மூடிவிட்டு அவள் பக்கத்தில் படுப்பேன். யார் டிபன் பாக்ஸில் யார் கை வைத்தார்கள், மிஸ் யாரை முதல் பெஞ்சுக்கு மாற்றினார் என்று பேசிக்கொண்டே தூங்கிப்போவாள். அப்புறம் எழுந்து படிப்பேன். படிப்பு கெடுகிறதே என்று முதலில் மனது அடித்துக்கொண்டது. அரையாண்டுத் தேர்வு நெருங்கியபோது பத்து நிமிடத்தில் தூங்க ஆரம்பித்திருந்தாள். சில நாள் அவள் தூங்கிய பிறகும் எழுந்திருக்க மனம் வராமல் அப்படியே படுத்திருப்பேன்.

மார்ச்சில் தமிழ் முதல் தாளுக்கு முந்தின ராத்திரி, நான் லேம்ப்பைப் போடப் போகும்போது, "இன்னைக்கு டியூப்லைட்டே போட்டுக்கக்கா" என்று சொல்லிவிட்டு, அப்பாவின் துண்டைக் கண்மேல் போட்டுக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள்.