'தா கார்ட்டர் 3' கேட்புக் குறிப்புகள்

ஜூன் 8, ஞாயிறு

இன்றைக்கு 'ஏ மில்லி' மட்டும். நியூ ஆர்லியன்ஸ்காரரான ராப்பர் லில் வெய்னின் 'தா கார்ட்டர் 3' ஆல்பத்தில் மூன்றாவது பாட்டு. பீட் (தாளமும் பின்னணி இசையும்) போட்டவர் பங்களாதேஷ் என்ற பெயரில் வேலை செய்யும் தயாரிப்பாளர். எ ட்ரைப் கால்ட் குவெஸ்ட் என்ற ராப் குழுவின் பாட்டொன்றின் ரீமிக்ஸிலிருந்து ஒரு குரல் துண்டை வெட்டி, சுருதியை இறக்கி, கடைசிவரை லூப்பில் (திரும்பத் திரும்ப) ஓட விட்டிருக்கிறார். அதன்மேல் 808 என்ற டிரம் மெஷினின் கிக் (கனத்த அடி), ஸ்நேர் (கூர்மையான அடி). பல்லவியே கிடையாது, பாடுபவர் மூச்சுவிட இடமில்லாத பாட்டு.

இதே மாதிரி பீட் போட உட்காருபவர்கள் சறுக்குவது 808-இல்தான். வேகம் 76 பிபிஎம் (நிமிடத்துக்கு 76 அடி) பக்கம். கிக்கின் வால், அதாவது அடித்தபின் தொடரும் ஒலி, நீளமானது. அது அடங்குமுன் அடுத்த கிக் விழுந்தால் இரண்டு அலைகளும் மோதி, சில அடிகள் பருத்தும் சில காணாமலும் போகும். சாம்ப்ளரை (ஒலித் துண்டுகளை வாசிக்கும் கருவி) மோனோவில், அதாவது ஒரு நேரத்தில் ஒரு ஒலி மட்டும் வரும்படி வைத்து, புது அடி விழுந்ததும் பழையது அறுபடும்படி செய்யுங்கள். குரல் லூப்பில் 120 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை வெட்டிவிடலாம், அது கிக்கின் இடம். ஃபோன் ஸ்பீக்கரில் 50 ஹெர்ட்ஸ் மாதிரி ஆழமான ஒலி கேட்கவே கேட்காது. கிக்குக்குக் கொஞ்சம் சாச்சுரேஷன் (லேசான கரகரப்பு) கொடுத்தால் 100, 150-இல் ஹார்மானிக்ஸ் (அதன் மடங்கு அதிர்வெண்கள்) எழும், காது அதை வைத்து அடியைப் பிடித்துக்கொள்ளும்.

ஜூன் 10, செவ்வாய்

இந்த ஆல்பம் வெளிவந்த 2008-இலும் ஜூன் 10 செவ்வாய்தான். அப்போதெல்லாம் அமெரிக்காவில் புது ஆல்பம் வருவது செவ்வாய்க்கிழமை. முதல் வாரமே விற்பனை பத்து லட்சத்தைத் தாண்டியது. 2005-இல் ராப்பர் 50 சென்ட்டுக்குப் பிறகு யாருக்கும் அது வாய்த்திருக்கவில்லை. அந்த ஆண்டு அமெரிக்காவில் அதிகம் விற்ற ஆல்பமும் இதுதான்.

இத்தனைக்கும் 2007-இல் பாட்டுகள் கசிந்துகொண்டே இருந்தன. கசிந்ததில் சிலவற்றை அந்த டிசம்பர் 25-ஆம் தேதி 'தி லீக்' என்று ஈபியாகவே (சில பாட்டுகள் மட்டும் கொண்ட சிறு ஆல்பம்) போட்டுவிட்டு, ஆல்பத்துக்கு வேறு பாட்டுகள் சேர்த்தார். அவருடைய 'டெடிகேஷன் 2', 'டா ட்ரவுட் 3' மிக்ஸ்டேப்கள் (ஆல்பமாக இல்லாமல் வெளியே விடும் பாட்டுத் தொகுப்புகள்) வேறு இலவசமாகச் சுற்றிக்கொண்டிருந்தன. சும்மா கிடைத்தால் காசு கொடுத்து எவன் வாங்குவான் என்ற கணக்கு இங்கே செல்லவில்லை.

ஜூன் 11, புதன்

இதே ஆல்பத்தின் 'லாலிபாப்'. ஜிம் ஜான்சின், டீசல் இருவரின் தயாரிப்பு. உடன் பாடிய ஸ்டாட்டிக் மேஜர் 2008 பிப்ரவரியிலேயே காலமாகிவிட்டார். பாட்டு அமெரிக்கத் தரவரிசையில் முதலிடத்துக்குப் போனதை அவர் பார்க்கவில்லை.

குரல் முழுக்க ஆட்டோ-டியூன் (குரலைச் சரியான சுரத்துக்கு இழுக்கும் மென்பொருள்). இந்த ஒலி வேண்டுமென்றால் ரீட்யூன் வேகம், அதாவது சுரத்தைத் திருத்த எடுக்கும் நேரம், 0. பாட்டின் ஸ்கேலை (அதில் வரும் சுரங்களின் தொகுப்பு) கட்டாயம் கொடுக்க வேண்டும். க்ரோமாட்டிக்கில் (பன்னிரண்டு சுரமும் சேர்ந்த அமைப்பு) விட்டால் குரல் பக்கத்து அரைச்சுரத்துக்குத் தாவி அபஸ்வரமாகும். ரிவெர்ப் (எதிரொலி) இதற்குப் பிறகுதான் வர வேண்டும். எதிரொலி கலந்த குரலில் எது சுரம் என்று ப்ளக்-இன் தடுமாறிவிடும். பாடும்போதே ஹெட்ஃபோனில் திருத்திய குரலைக் கேட்க விடுவது நல்லது, சுரத்திலிருந்து சுரத்துக்கு வழுக்கிப் பாடுவது அப்போதுதான் தானாக வரும். பஃபரை (கணினி ஒலியைச் சேர்த்துவைத்து அனுப்பும் அளவு) 128 சாம்பிளுக்கு மேல் வைத்தால் குரல் தாமதமாகக் காதுக்கு வந்து, பாடுபவர் தாளத்தில் பின்தங்குவார்.

ஜூன் 14, சனி

பதினான்காவது பாட்டு 'ப்ளேயிங் வித் ஃபயர்'. ரோலிங் ஸ்டோன்ஸ் ராக் குழுவின் 'ப்ளே வித் ஃபயர்' உரிமையை வைத்திருந்த ஆப்கோ நிறுவனம், அனுமதியில்லாமல் அதைத் தழுவியதாகச் சொல்லி 2008-இல் வழக்குப் போட்டது. ஒலிப்பதிவுக்கு ஒரு உரிமை, இசையமைப்புக்கும் வரிகளுக்கும் தனி உரிமை. பழைய பதிவைத் தொடாமல் புதிதாக வாசித்துப் பாடினால் முதல் அனுமதி தேவையில்லை, இரண்டாவது தேவை. பலர் கோட்டைவிடுவது இங்கேதான். பின்னர் அந்தப் பாட்டை எடுத்துவிட்டு 'புஸ்ஸி மான்ஸ்டர்' என்ற பாட்டைச் செருகினார்கள். பழைய சிடி வாங்குகிறவர்கள் பின்னட்டையில் பதினான்காவது வரியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.